சர்க்கரையை இறக்கியது ஹார்மோனா, நடையா?

கேள்வி, 2024 ஜூன் 4

எனக்கு 51 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை, இரண்டாம் வகை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு சர்க்கரை மாத்திரை எடுக்கிறேன். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரி முழுக்க உடம்பு எரிந்து வியர்க்கிறது, தூக்கமே இல்லை. ஃபாஸ்டிங், அதாவது வெறும் வயிற்றுச் சர்க்கரை, 150-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் சர்க்கரையும் சேர்ந்து இறங்கும் என்று என் நாத்தனார் அடித்துச் சொல்கிறார். முழங்கால் வலியால் நடக்கவும் முடியவில்லை. ஹார்மோன் எடுத்துக்கொண்டு நடைப்பயிற்சியை விட்டுவிடலாமா? எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

நான் எடுத்தவள். இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் 51. சர்க்கரை 2016-ல் தெரியவந்தது. 2022-ல் மாதவிடாய் தாறுமாறாகி, பிறகு நின்றது. உங்களுக்கு இருக்கும் அதே எரிச்சல், அதே வியர்வை. 2023 ஜனவரியில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பேட்சைத் தோலில் ஒட்ட ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். கர்ப்பப்பை இருப்பதால் கூடவே மாதத்தில் 12 நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுக்கத்தான் இரண்டாவது மருந்து.

அந்த ஜனவரிக்கு முன்னால் என் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சதவீதத்தில் காட்டும் ரத்தச் சோதனை) 8.3. மே மாதம் 7.1. அதனால் உங்கள் நாத்தனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெண்கள் நல முனைப்பு என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, 16,608 பெண்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 21 சதவீதம் குறைந்தது.

ஆனால் நடையை விடாதீர்கள். முழங்காலுக்கு வேறு வழி பார்க்கலாம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 5

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். அந்த 21 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

முதல் விஷயம், அது சர்க்கரை நோய் இல்லாத பெண்களில் புதிதாக நோய் வந்த கணக்கு. ஏற்கெனவே நோய் உள்ள நம் இரண்டு பேருக்கும் அது நேரடியாகப் பொருந்தாது. இரண்டாவது, 21 என்றால் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், சுமார் ஐந்தரை வருடத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.2 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, ஹார்மோன் எடுத்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு. நூறு பேருக்கு ஒரு ஆள் கூட வித்தியாசம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த ஆய்வின் இந்தப் பகுதியை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் 8 கூடுதல், பக்கவாதம் 8 கூடுதல், நுரையீரலில் ரத்தக்கட்டி 8 கூடுதல் என்று கணக்கு வந்தது. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன, அதையும் சொல்ல வேண்டும். அங்கே சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், அறுபது வயதுக்குள் ஆரம்பிப்பவர்களின் நிலைமை அதைவிட நல்லது என்பது பிறகு தெளிவானது. இருந்தாலும், நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022-லும் சொன்னது. அவர்கள் பேசுவது தொந்தரவு இல்லாதவர்கள் நோய்த் தடுப்புக்காக எடுப்பதைப் பற்றி. எரிச்சலும் வியர்வையும் தாங்க முடியாமல் எடுப்பது வேறு கணக்கு.

ஆக, சர்க்கரைக்காக ஹார்மோன் எடுக்காதீர்கள். தூக்கத்தைக் கெடுக்கும் வியர்வைக்காக எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நேற்று நான் இந்த இரண்டையும் குழப்பிவிட்டேன்.

ஜூன் 7

மாத்திரையா பேட்சா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றுகிறது. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜனில் இந்த இரண்டும் வெகு குறைவு. சர்க்கரை உள்ளவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏற்கெனவே ஏறித்தான் கிடக்கும், எனக்கு 240 இருந்தது. அதனால்தான் டாக்டர் பேட்ச் கொடுத்தார். ஆரம்பிக்கும் முன் இதயத்தையும் பார்த்தார், மார்பகத்தையும் பார்த்தார். அதற்கு முந்தைய வருடம் எனக்கு ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததால் கர்ப்பப்பை உள்சுவரைச் சோதித்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் நுரையீரலில் ரத்தம் கட்டியவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

ஜூன் 9

கேள்வி கேட்ட தோழிக்கு. நீங்கள் கிளிமிபிரைடு எடுக்கிறீர்கள் என்பதை இப்போதுதான் கவனித்தேன். இதை அவசியம் படியுங்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்து வியர்வையும் சர்க்கரை லோ ஆகும்போது வரும் வியர்வையும் ஒன்று போலவே இருக்கும். நெஞ்சு படபடக்கும், உடம்பு நனையும், ஒரு பயம் வரும். 2022-ல், டிசம்பருக்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு இப்படி ஆகும். லோ என்று நினைத்து குளுக்கோஸை வாயில் போட்டுக்கொள்வேன். வாரத்தில் நாலு நாள் இதே கதை. காலையில் ஃபாஸ்டிங் 190, 210. மாத்திரை வேலை செய்யவில்லை என்று அழுதிருக்கிறேன். ஒருநாள் கணவர் எழுந்து, முதலில் குத்திப் பார் என்றார். 168. அது லோவே இல்லை. இத்தனை நாளும் எரிச்சலுக்குக் குளுக்கோஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்காக எல்லாமே எரிச்சல்தான் என்று விட்டுவிடவும் முடியாது. மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி அதே வியர்வை, மீட்டர் 61 காட்டியது. கிளிமிபிரைடு அதைச் செய்யும், இன்சுலினும் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ ஆவது அபூர்வம். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பது. மீட்டரைத் தலைமாட்டில் வையுங்கள், வேறு அறையில் வேண்டாம். மீட்டர் கைக்கு எட்டாமல் உடம்பு நடுங்கினால் மட்டும் குத்தாமலேயே குளுக்கோஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை. பழைய நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். இந்த இழையில் நான் சொன்னது சரிதானா என்ற உறுத்தல் நாலைந்து நாளாக இருந்தது.

நோட்டில் இருப்பது இது. 2022 டிசம்பரில் ஃபாஸ்டிங் சராசரி 149. ஜனவரி 9 அன்று முதல் பேட்ச். ஜனவரி கடைசி வாரம் 147. பிப்ரவரி முதல் வாரம் 146. ஒரு மாதம் ஹார்மோன் உள்ளே போயும் சர்க்கரை அசையவே இல்லை! என் நினைவில் பேட்ச் ஒட்டியதும் இறங்கிவிட்டது போலத்தான் பதிந்திருந்தது.

ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறேன்: ‘நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன்.’ ஜனவரி 24. அதற்கு அடுத்த பக்கங்களில் வியர்வைக் குறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. பிப்ரவரி 13: ‘சாயந்திரம் 20 நிமிடம் நடந்தேன்.’ மார்ச் முழுக்க நடை. மார்ச் மூன்றாம் வாரம் ஃபாஸ்டிங் 134. ஏப்ரல் கடைசியில் 128. நடுவில் இரண்டு முறை லோ ஆனதால் கிளிமிபிரைடை டாக்டர் பாதியாக்கியிருக்கிறார். மாத்திரை குறைந்தும் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

ஆகவே ஜூன் 4 அன்று நான் எழுதியதை இப்படித் திருத்துகிறேன். பேட்ச் எனக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. தூங்கியதால் சாயந்திரம் எழுந்து நடக்கத் தெம்பு வந்தது. சர்க்கரையை இறக்கியது நடை. அந்தப் பேட்ச் இல்லாவிட்டால் நான் நடந்திருப்பேனா என்றால், சத்தியமாக இல்லை. தூங்காத உடம்புக்கு நடை என்பது தண்டனை. நடக்காதவர்களைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மருத்துவமனை ஒன்றில் எனக்கே அந்த வார்த்தை கிடைத்தது. ராத்திரி தூங்குகிறாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தூக்கம் கெட்டாலே இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதையும் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 17

‘நடந்தால் இறங்குகிறது சரி, எப்படி?’ என்று கேட்டவருக்கு.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குத்தான் போக வேண்டும். தசை அணுவின் சுவரில் குளுக்கோஸ் நுழைய ஒரு வாசல் இருக்கிறது, குளுட்-4 என்று பெயர். சும்மா இருக்கும்போது அந்த வாசல்கள் அணுவுக்கு உள்ளே மடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேலே வரும். நம் நோயில் தட்டினாலும் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தட்டாமலேயே அந்த வாசல்கள் மேலே வருகின்றன. இது வேறு வழி. சர்க்கரை நோயில் முதல் வழி அடைத்துக்கொண்டாலும் இரண்டாவது வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு வருடமாக உடம்பு முழுக்கக் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்குக் கொஞ்சம் நன்றாகவே செவி கொடுக்கும். அப்புறம் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு 150 நிமிடம், ஆனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதே என்று சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரம் நடந்துவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்கில் சேராது.

ஜூன் 18

வேகமாக ஓடிவிட்டு வந்தால் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நடக்கும், பயப்படாதீர்கள். கடுமையாக உழைக்கும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலைத் தட்டிச் சர்க்கரையை வெளியே கொண்டுவரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். எனக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் 20 ஏறும். சாப்பிட்டு அரை மணி கழித்து நடந்தால் இறங்கும். அதனால் என் நடை முழுக்கச் சாப்பாட்டுக்குப் பின்தான். உங்கள் உடம்புக்கு எது என்று முன்னும் பின்னும் குத்திப் பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

ஜூன் 26

முழங்கால். தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

வலிக்கிற முழங்காலோடு தூரம் நடக்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன். தொடைத் தசையை முதலில் பலப்படுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. எட்டு தடவை, நின்று, மறுபடி எட்டு. எட்டு முடியாவிட்டால் நாலு. நாற்காலி உயரமாக இருந்தால் முழங்காலுக்குச் சுமை குறைவு, தலையணை போட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுப்பது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், நடுவில் தசைக்கு ஓய்வு வேண்டும். மிதிவண்டியும் தண்ணீருக்குள் நடப்பதும் முழங்காலுக்கு நல்லது, வசதி உள்ளவர்கள் செய்யலாம்.

இது நடைக்குப் பதிலாகச் செய்யும் ஒப்புக்குச் சப்பாணி வேலை என்று நினைக்காதீர்கள். இரண்டாம் வகை உள்ள 262 பேரை வைத்து அமெரிக்காவில் ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. நடையை மட்டும் செய்தவர்களுக்கும் எடையை மட்டும் தூக்கியவர்களுக்கும் எச்பிஏ1சியில் குறிப்பிடும்படி இறங்கவில்லை. இரண்டையும் கலந்து செய்தவர்களுக்கு 0.34 இறங்கியது. பயிற்சி நேரம் மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பிறகு தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேருகிறது, சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடமே சுருங்குகிறது. நமக்கு எடைப்பயிற்சி எல்லாரையும்விட அதிகம் தேவை.

கண்ணில் ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்திருக்கும் ரெட்டினோபதி என்று சொல்லியிருந்தால் மூச்சைப் பிடித்து எடை தூக்கக் கூடாது. பாதம் மரத்திருந்தால் தினமும் பாதத்தையும் காலணியின் உள்பக்கத்தையும் பாருங்கள். கொப்புளம் வந்தது தெரியாமலே போகும்.

ஜூலை 3

‘இன்சுலினும் ஹார்மோன்தானே, அப்போது நானும் ஹார்மோன் சிகிச்சையில்தானே இருக்கிறேன்?’

அருமையான கேள்வி. ஆமாம். 1921-ல் டொராண்டோவில் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் லெனார்டு தாம்சனுக்கு முதன்முதலில் போட்டது ஹார்மோன்தான். இப்போது வாரத்துக்கு ஒரு ஊசி என்று பலர் போட்டுக்கொள்ளும் செமக்ளுடைடு, குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்தது. இந்த வரிசையில் முதலாவதாக 2005-ல் அனுமதி பெற்ற எக்ஸினடைடுக்கு மூலம் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சில். எங்கோ பாலைவனத்தில் வருடத்துக்குச் சில முறை மட்டும் இரை தின்னும் பல்லியின் வாயிலிருந்து நமக்கு மருந்து வந்திருக்கிறது!

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊசிகளில் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரைகிறது. பசியில்லாததால் புரதமும் குறைத்துச் சாப்பிடுவார்கள். ஊசி போடுகிறேன், பயிற்சி எதற்கு என்று எழுதியிருந்தவருக்குத்தான் இது. ஜூன் 17 அன்று எழுதிய வாசல்கள் எல்லாம் தசையில்தான் இருக்கின்றன. தசையைக் கரையவிட்டு மெலிந்து என்ன பயன்? டென்மார்க்கில் 195 பேரை எடை குறைக்கவைத்து, அதற்குப் பிறகு ஒரு வருடம் பார்த்தார்கள். அவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள், உடல் பருமன் மட்டும் உள்ளவர்கள். இதே வகை ஊசியான லிராக்ளுடைடும் பயிற்சியும் சேர்ந்து செய்தவர்களுக்குத்தான் உடம்பின் கொழுப்பு மிக நன்றாகக் குறைந்தது. இங்கேயும் ஹார்மோனும் உழைப்பும் ஒன்றுக்கொன்று துணை.

ஜூலை 14

அண்ணனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார்.

அவருக்கு 57 வயது, இடுப்பளவு 104 செ.மீ., ஃபாஸ்டிங் 140 பக்கம். யாரோ ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சர்க்கரை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். சோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எனக்கும் உன்னை மாதிரிதான், ஹார்மோன் குறைவு’ என்றார். சாயந்திரம் எடுத்த ரத்தம், ஒரே ஒரு முறை எடுத்தது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். காலையில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்த்தால்தான் குறைவு என்று சொல்ல முடியும். அவருக்குக் காலையில் எடுத்த இரண்டும் சாதாரண அளவுக்குள்ளேயே வந்தன.

அவர் சொன்னதற்கும் ஓர் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,007 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் வெற்று ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் அளவு, டெஸ்டோஸ்டிரோன் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு. நல்ல வித்தியாசம்தான். ஆனால் இரண்டு பக்கத்தினருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்திருந்தார்கள். ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தம் அளவுக்கு மேல் கெட்டியானது. பிறகு அமெரிக்காவில் 5,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைச் சோதித்தார்கள். சர்க்கரை பற்றிய முடிவு 2024-ல் வந்தது: முன்சர்க்கரை நிலையில் இருந்தவர்களுக்கு நோய் வருவதும் குறையவில்லை, நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் இறங்கவில்லை. அது உண்மையிலேயே ஹார்மோன் குறைந்திருந்த ஆண்களிடம் செய்தது.

அண்ணனிடம் நான் சொன்னது ஒன்றுதான். வயிறு குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாகக் கொஞ்சம் ஏறும். வெளியிலிருந்து ஊசி போட்டால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். மறுநாளே டம்பெல் வாங்கிவிட்டார். எத்தனை நாள் தூக்குவார் என்று அண்ணி பந்தயம் கட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 2

இன்றைக்கு எழுதப்போவது என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாத விஷயம். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் தனியாகக் கேட்டார்: ‘2022-ல் ரத்தப்போக்கு அதிகம் என்றீர்களே, ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது?’

பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். 2022 நவம்பரில் 9.2. இரும்புச்சத்து அடிமட்டம். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இரும்பு மாத்திரை எடுத்திருக்கிறேன். இதை நான் இந்த இழையில் எங்கேயும் சொல்லவில்லை. சம்பந்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இரும்பு குறைந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்பு கொடுத்துப் புது அணுக்கள் வரும்போது எண் இறங்கும், சர்க்கரை இறங்காவிட்டாலும் கூட. அப்படியானால் என் 8.3 கொஞ்சம் பொய், 7.1-க்கு இறங்கியதிலும் கொஞ்சம் பொய்.

எவ்வளவு பொய்? நோட்டில் சாப்பிடும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். 2022 டிசம்பரில் 171. 2023 மே மாதம் 155. சராசரியை எச்பிஏ1சியாக மாற்றும் வாய்ப்பாடு ஒன்று உண்டு, அதில் 154 என்றால் 7, 183 என்றால் 8. அதன்படி 171 என்பது 7.6 பக்கம், 155 என்பது 7. விரல் நுனியில் எடுத்த சராசரி ராத்திரி மூன்று மணியைக் காட்டாது, அதனால் இது உத்தேசம்தான். ஆனாலும் உண்மையான இறக்கம் 1.2 இல்லை, பாதிதான் இருக்கும் என்று தெரிகிறது. மீதிப் பாதி இரும்பின் வேலை.

ஜூன் 4 அன்று எல்லாம் ஹார்மோன் என்றேன். 16 அன்று எல்லாம் நடை என்றேன். இப்போது மூன்றாவதாக ஒன்று. நான் சொன்னதை நம்பி யாராவது டாக்டரிடம் சண்டை போட்டிருந்தால் தயவுசெய்து இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

ஆகஸ்ட் 3

‘பாதிதானா’ என்று வருத்தப்பட்டு எழுதியவருக்கு: 0.6 என்பது சின்னதில்லை. உடற்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2001-ல் வெளியிட்ட கணக்கிலேயே, பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே எச்பிஏ1சி வித்தியாசம் 0.66-தான். சில மாத்திரைகள் தரும் அளவு அது. எனக்கு அது கிளிமிபிரைடு பாதியான பிறகும் கிடைத்தது. இப்போது யோசித்தால், 1.2 என்று எதிர்பார்த்து நடந்து, கிடைக்காமல் விட்டுவிடுவதைவிட 0.6 என்று தெரிந்து நடப்பது எவ்வளவோ மேல்.

மாதவிடாய் நிற்கும் வயதில் ரத்தப்போக்கு அதிகம் உள்ள எல்லாரும் எச்பிஏ1சி எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ஃபாஸ்டிங்கும் எச்பிஏ1சியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் இதைக் கேளுங்கள்.

அக்டோபர் 20

கேள்வி கேட்ட தோழி திரும்ப வந்து எழுதியிருக்கிறார். டாக்டர் அவருக்கு ஹார்மோன் கொடுக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கும் அக்காவுக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்திருக்கிறது. வியர்வைக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரை கொடுத்திருக்கிறார். ராத்திரி வியர்வையில் மூன்று முறை குத்திப் பார்த்ததில் ஒன்று 58. கிளிமிபிரைடைக் குறைத்துவிட்டார்களாம். நாற்காலியில் நாலில் ஆரம்பித்தவர் இப்போது பன்னிரண்டு. சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் மூன்று வேளை நடக்கிறார். ஃபாஸ்டிங் 138.

அவருடைய பதிவை மூன்று முறை படித்தேன். ஹார்மோன் இல்லாமலேயே தூக்கம் திரும்பியிருக்கிறது. பேட்ச் இல்லாவிட்டால் நடந்திருக்கமாட்டேன் என்று நான் எழுதியது எனக்குப் பொருந்தியது, அவருக்குத் தேவைப்படவில்லை. எந்த வழியில் வந்தாலும் தூக்கம் வந்தால் சரி.

நாத்தனாருக்கும் சேர்த்து நாற்காலிப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறாராம்.

டிசம்பர் 8

பேட்ச் போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. அக்டோபர் கடைசியில் டாக்டர் 50 மைக்ரோகிராமிலிருந்து 25-க்குக் குறைத்தார். முதல் இரண்டு வாரம் எரிச்சல் எட்டிப் பார்த்தது, ஐந்து ராத்திரி தூக்கம் கெட்டது. அந்த வாரங்களில் ஃபாஸ்டிங் 127-லிருந்து 133-க்குப் போனது. இப்போது எரிச்சல் அடங்கிவிட்டது, ஃபாஸ்டிங் 128. நடையும் ரப்பர் பட்டையும் ஒரு வாரம் கூட நிற்கவில்லை. தூக்கம் கெட்ட நாட்களில் மட்டும் நேரத்தைப் பாதியாக்கினேன்.

அண்ணன் ஐந்து மாதமாக டம்பெல் தூக்குகிறார், இடுப்பளவு 98. அண்ணி பந்தயத்தில் தோற்றுவிட்டார், தோற்றதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

என்னுடைய அடுத்த ரத்தப் பரிசோதனை ஜனவரி மூன்றாம் வாரம். சீட்டில் இரும்பையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் எண்ணைப் போடுகிறேன்.